அத்தை மௌனத்தில் இருந்த மார்கழி

எங்கள் அத்தை சாமியார் ஆனது மாத்திரையை நிறுத்தியதால்தான். கிண்டலுக்குச் சொல்லவில்லை. திருவண்ணாமலையில் சாமியார் ஆக எத்தனையோ வழி உண்டு. கழுத்தில் கழலை ஆபரேஷன் ஆன ஒருத்தி, ஆயுசுக்கும் போட வேண்டிய தைராய்டு மாத்திரையை விட்டுவிட்டு, அந்த வழியாக மௌன நிலைக்குப் போய், மாடிப்படியில் உட்கார்ந்து வெள்ளைக்காரர்களின் கும்பிடை வாங்கிக்கொண்ட அதிசயம் எங்கள் வீட்டில் மட்டும்தான் நடந்திருக்கும். இது யாரும் இல்லாத காட்டில் நடக்கவில்லை. அப்பா, அம்மா, நான் எல்லோரும் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணமாகிக் கொஞ்ச வருஷத்திலேயே மாமா போய்விட, எங்களோடு வந்துவிட்டவள். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். செங்கம் ரோட்டை ஒட்டிய எங்கள் தெருவில் பால்காரர் மணி அடிக்க மாட்டார்; அத்தை அவரோடு சண்டை போடும் சத்தத்திலேயே எல்லாரும் சொம்பை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். இதில் சங்கடம் என்னவென்றால், அப்பா மாடியில் அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். அங்கே வந்து தங்குகிறவர்கள் அமைதியைத் தேடிக் கடல் தாண்டி வந்தவர்கள். அப்பா கெஞ்சுவார்.

"அக்கா, கொஞ்சம் கம்மியா பேசேன். மேல தியானத்துல இருக்காங்க."

"தியானத்துல இருக்கறவனுக்கு என் பேச்சு எப்பிடிடா கேக்குது? கேட்டுச்சின்னா அது இன்னா தியானம்?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார். அவர் வேங்கிக்காலில் ஓர் அரசு ஆபீசில் தபால் பிரிவில் இருந்தார். வருகிற கடிதத்தில் எல்லாம் அன்றைய தேதி முத்திரையைக் குத்துவது அவர் வேலை. வீட்டிலும் அதே மாதிரி சத்தமில்லாத, ஒழுங்கான மனுஷர்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம் மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்தது. பிழைப்பேனா என்று இருந்ததாம். அத்தை மொட்டை மாடியில் நின்று மலையைப் பார்த்து, இவளை எழுப்பி உட்கார வை, ஒரு மண்டலம் ஒரு வேளைச் சோற்றோடு இருக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். அதையும் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் வேண்டிக்கொண்டாள். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அத்தை விரதத்தை ஆரம்பித்தாள்.

இங்கேதான் வந்தது வினை. கழலையை எடுத்த நாளிலிருந்து அத்தை தினம் விடிகாலையில் ஒரு குட்டி மாத்திரை போடுவாள். வெள்ளை டப்பாவில் இருக்கும். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விரதம் தொடங்கிய அன்று அத்தை டப்பாவை எடுத்தாள், பார்த்தாள், திரும்ப அலமாரியில் வைத்துவிட்டாள்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி போடற மாத்திர இது. காலைல சாப்பாடே இல்லன்றப்ப எதுக்கு முன்னாடி போடறது?"

என்ன ஒரு வக்கீல் மூளை! அவளுக்கே அது ரொம்பப் பிடித்துப்போய், பால்காரர், எதிர்வீட்டுக்காரி, பூக்காரம்மா என்று எல்லாரிடமும் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம். மாத்திரையை விட்டும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பழையபடியே பேசிக்கொண்டிருந்தாள். பார்த்தாயா, இந்த டாக்டர்களே இப்படித்தான் என்றாள்.

கார்த்திகை தீபத்தோடு மண்டலம் முடிந்தது. ஆனால் அத்தை விரதத்தை விடவில்லை, பசிக்கவில்லை என்றாள். அந்தச் சமயத்தில்தான் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. முதலில் குரல். தகரத்தில் ஆணி கொண்டு கீறுகிற மாதிரி கரகரத்தது. பனி ஜாஸ்தி, தொண்டை கட்டிக்கொண்டது என்றோம். உச்சி வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தாள். விரத உடம்பு, குளிரத்தான் செய்யும் என்றோம். ஒன்று கேட்டால் பதில் வர நேரமானது. முகம் உப்பி, சுருக்கம் எல்லாம் போய், மினுமினுவென்று ஆனது. புருவத்தின் ஓரத்து மயிர் உதிர்ந்து பாதிப் புருவம்தான் மிச்சம் இருந்தது. அதை நான்தான் கவனித்து அம்மாவிடம் சொன்னேன். வயசானா அப்படித்தான் என்றாள் அம்மா. அத்தைக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை.

மார்கழி பிறந்தபோது அத்தை பேச்சை அறவே நிறுத்தியிருந்தாள்.

வேறு ஊராக இருந்தால், ஓயாமல் பேசுகிறவள் திடீரென்று வாயை மூடிக்கொண்டால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பார்கள். எங்கள் ஊரில் அதற்குப் பெயர் வேறு. மாடியில் தங்கியிருந்த வெள்ளைக்காரம்மா ஒருநாள் படியிறங்கி வந்தாள். அத்தை வெயிலில் கண்ணைப் பாதி மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வெள்ளைக்காரம்மா அவளைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, கீழ்ப்படியில் உட்கார்ந்து கைகூப்பிவிட்டாள். அப்பாவிடம், "அம்மா மௌனம்" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்.

அப்பாவுக்கு ஒரே புல்லரிப்பு. அவர் பெருமைப்பட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. சின்ன வயதிலிருந்து அந்த வாய்க்குப் பயந்து வளர்ந்தவர். இந்த ஊரில் எங்கிருந்தெல்லாமோ வந்து ஞானம் அடைகிறார்களே, உள்ளூர்க்காரி ஒருத்திக்கு வரக்கூடாதா என்று ஆபீசில் சொன்னாராம். அடுத்த நாள் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் பழத்தட்டோடு வந்துவிட்டார்கள். பிறகு மற்ற அறைக்காரர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள். அத்தையின் பாதத்தைத் தொட்டவர்கள் எல்லாம் சில்லென்று இருக்கிறது என்று சொல்லிச் சிலிர்த்தார்கள். யோகா கற்றுக்கொண்டிருந்த ஒருவர் அவள் மூச்சைக் கவனித்துவிட்டு, இவ்வளவு மெதுவாக மூச்சு விடப் பல வருஷம் பழக வேண்டும் என்று அப்பாவிடம் சொன்னார். எனக்கும் பெருமை தாங்கவில்லை. எங்கள் அத்தை சாமி என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்தேன்.

அம்மாவுக்கு மட்டும் ஏதோ இடித்தது. ஒருநாள் அப்பாவைச் சமையலறைக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணி நாள் கணக்கா வெளிக்கே போகலங்க. வயிறு கல்லு மாதிரி இருக்குது."

"சீ, அவங்க இருக்கற நெலம இன்னா, நீ பேசற பேச்சு இன்னா? வாயக் கழுவு."

அம்மா வாயை மூடிக்கொண்டாள். அவளும் சேர்ந்து அந்த வீட்டில் அப்போது மௌனம்தான்.

மார்கழிப் பௌர்ணமி வந்தது. கிரிவலத்துக்கு வந்த கூட்டம் மத்தியானமே ரோட்டை நிறைத்துவிட்டது. கேள்விப்பட்டு எங்கள் வீட்டுக்குள்ளும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் பெரிய சம்பங்கி மாலையைக் கொண்டுவந்து அத்தையின் கழுத்தில் போட்டார். அத்தை கண்ணைத் திறக்கவில்லை. இரண்டு நாளாக அவளுக்குச் சளி வேறு; மூச்சில் கர் கர் என்று ஒரு சத்தம் கேட்டது. ஓங்காரம் என்றார் ஒருவர்.

அம்மா திடீரென்று உள்ளே போனாள். எனக்கு டெங்கு வந்தபோது வாங்கிய பாதரசத் தெர்மாமீட்டரை எடுத்து வந்து, கூட்டத்தை விலக்கி, அத்தையின் அக்குளில் வைத்தாள். அப்பா பல்லைக் கடித்தார். அம்மா வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பாதரசம் அடியிலேயே கிடந்தது. உதறிவிட்டுத் திரும்ப வைத்தாள். திரும்பவும் அப்படியே.

கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது என்று, என்னை இழுத்து என் அக்குளில் வைத்தாள். சரசரவென்று ஏறி, எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றது. தெர்மாமீட்டர் நன்றாகத்தான் இருந்தது.

"அண்ணி! அண்ணி!" என்று அத்தையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அத்தை அப்படியே பக்கவாட்டில் சரிந்தாள். மாலையோடு சுவரில் சாய்ந்து, வாய் கோணித் திறந்துகொண்டது. நாக்கு தடித்து வெளியே தெரிந்தது. கூட்டம் ஓ என்றது.

"தொடாதீங்க" என்று அந்த யோகாக்காரர் கையை நீட்டித் தடுத்தார். "சமாதி நிலை அது. கலைக்கக் கூடாது."

அப்பாவும் அம்மாவின் கையைப் பிடித்து, "சமாதி நெலைன்றாங்க இல்ல, வுடு" என்றார்.

அம்மா அவ்வளவு பெரிய சத்தம் போட்டு நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "சமாதியா? உங்க அக்காவுக்கு சமாதி கட்டறதுக்குத்தான் இத்தினி பேரக் கூட்டி வெச்சினு இருக்கீங்களா? தொட்டுப் பாருங்க ஒருவாட்டி! ரெண்டு கையாலயும் தொட்டுப் பாருங்க!"

அப்பா அத்தனை நாளும் எட்ட நின்று கும்பிட்டவரே தவிர, அக்காவைத் தொடவில்லை. குனிந்து அவள் கன்னத்தில் கையை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார். அடுத்த நிமிஷம் அக்காவை வாரித் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றினோம். என்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் நானும் ஏறிக்கொண்டேன். ரோடு முழுக்க ஜனம். ஆட்டோவால் ஓர் அடி நகர முடியவில்லை. மாடி வெள்ளைக்காரம்மா வெறுங்காலோடு ஆட்டோவுக்கு முன்னால் ஓடினாள், இரண்டு கையையும் கூப்பி, வழி விடச் சொல்லி "வளி! வளி!" என்று அழுதுகொண்டே கத்தினாள். அந்தக் கூட்டம் அவளுக்காகத்தான் விலகியது. ஆட்டோவுக்குள் அம்மா அத்தையின் மூக்கடியில் விரலை வைத்துக்கொண்டே வந்தாள். கர் என்று ஒரு மூச்சு வரும். பிறகு ஒன்றும் வராது. அம்மா முருகா முருகா என்பாள். பிறகு இன்னொன்று வரும்.

ஆஸ்பத்திரியில் இருந்தது சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தி. கண்ணில் டார்ச் அடித்தாள், நெஞ்சில் விரல் முட்டிகளால் அழுத்தினாள், நாடியைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"எத்தனை நாளா பேசல?"

அப்பா பழக்க தோஷத்தில், "மௌனத்துல இருக்காங்க மேடம்" என்றார்.

டாக்டரம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். இடைஞ்சலாக இருந்த சம்பங்கி மாலையைத் தூக்கிக் கழற்றினாள். பாதியில் அவள் கை நின்றது. கழுத்தின் அடியில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் ஆபரேஷன் தழும்பு.

"தைராய்டு எடுத்திருக்காங்களா? மாத்திரை போடறாங்களா?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். அது சாப்பாட்டுக்கு முன்னால் போடுகிற மாத்திரை, அத்தைதான் காலையில் சாப்பிடுவதே இல்லையே, அதனால் மழைக்காலத்திலேயே நிறுத்திவிட்டாள் என்றேன். அதைக் கேட்டு எல்லாரும் சிரிப்பார்களே, டாக்டரும் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். டாக்டரம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "சிஸ்டர்!" என்று கத்தினாள்.

அதற்கப்புறம் எல்லாம் ஓட்டம்தான். ரத்தம் எடுத்தார்கள், ஆனால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்க நேரமில்லை என்று டாக்டரம்மா சொன்னது காதில் விழுந்தது. முதலில் ஒரு ஊசி, ஸ்டீராய்டு என்றார்கள். சளி நெஞ்சில் இறங்கியிருக்கிறது என்று அதற்கு ஒரு ஊசி. மூச்சுக்குக் குழாய் போட்டு மெஷினில் மாட்டினார்கள். பிறகு மூக்கு வழியாக வயிற்றுக்கு இன்னொரு குழாய். சிஸ்டர் ஒரு டப்பாவைத் திறந்து மாத்திரைகளைக் கொட்டி, நுணுக்கி, தண்ணீரில் கரைத்து அந்தக் குழாயில் விட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டு அலமாரியில் தூசி படிந்து கிடக்கிற அதே வெள்ளை டப்பா, அதே குட்டி மாத்திரை.

அம்மா எங்கிருந்தோ பாட்டிலில் வெந்நீர் வாங்கி வந்து அத்தையின் காலடியில் வைக்கப் போனாள். சிஸ்டர் பிடுங்கிவிட்டாள். திடுதிப்பென்று சூடு வைத்தால் ரத்த அழுத்தம் விழுந்துவிடும், ஆளே போய்விடுவார்கள், கம்பளி மட்டும் போர்த்துங்கள், உடம்பு தானாக மெல்ல மெல்லச் சூடேறட்டும் என்றாள். பக்கத்தில் ஒரு மெஷின் அத்தையின் இதயத்துக்கு டிக் டிக் என்று சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மா அப்பாவை வெளியே அழைத்து வந்து சொன்னாள்.

"கழுத்துல இருந்த சுரப்பிய எடுத்தாச்சு. அது செஞ்ச வேலைய அந்த மாத்திரைதான் செஞ்சிட்டிருந்தது. உடம்புச் சூடு, நாடி, மூச்சு, புத்தி எல்லாமே அதுலதான் ஓடுது சார். நிறுத்தினா உடனே தெரியாது. ஒண்ணொண்ணா அணைஞ்சிக்கிட்டே வரும். குரல் மாறும், குளிரும், முகம் வீங்கும், பேச்சு நிக்கும். கடைசியா கோமா. இவங்க மௌனத்துல இல்ல. செத்துக்கிட்டிருந்தாங்க. உறுதியா பொழைப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு மாலையை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார். மடியில் அந்த மாலை. அதைக் கீழே போடவும் அவருக்கு மனசு வரவில்லை, எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஆஸ்பத்திரியில் மாலையோடு உட்கார்ந்திருக்கிற மனுஷரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு போனார்கள். ஓர் அம்மாள் கிட்டே வந்து, "யாருங்க தவறிட்டாங்க?" என்றே கேட்டுவிட்டாள். அப்பா முகத்தை மாலைக்குள் புதைத்துக்கொண்டு குலுங்கினார். அப்பா அழுவார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். நானும் பயத்தில் ஓவென்று அழுதேன்.

அத்தை உடனே எழுந்துவிடவில்லை. தினம் காலையில் டாக்டரம்மா வந்து காதருகே குனிந்து, "அம்மா, இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்பாள். பதில் இருக்காது. அப்பா ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அந்தக் கேள்வி நேரத்துக்குச் சரியாக வார்டின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே வந்து நிற்பார். ஒருநாள் அத்தை கண்ணைத் திறந்தாள். மூச்சுக் குழாயை எடுத்தார்கள். அதற்கு மறுநாளும் டாக்டரம்மா குனிந்து அதையே கேட்டாள்.

அத்தை அவளை மேலும் கீழும் பார்த்தாள். கரகரத்த குரலில், ஒவ்வொரு சொல்லாக இழுத்து, "ஏன்... ஒனக்குத்... தெரியாதா?" என்றாள்.

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பா கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றார்.

பொங்கல் கழித்து அத்தை வீட்டுக்கு வந்தாள். விஷயம் தெரியாத பக்தர்கள் சிலர் வந்து படியில் உட்கார்ந்தார்கள். அத்தை அவர்களுக்குக் குழாய் போட்டது, எடுத்தது, பக்கத்துப் படுக்கைக்காரியின் மருமகள் செய்த அநியாயம் எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னாள். இரண்டே தடவைதான். அப்புறம் யாரும் வரவில்லை. வெள்ளைக்காரம்மா மட்டும் ஊருக்குப் போகும்வரை தினம் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, புரியாத தமிழை எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாத்திரையை அதற்கப்புறம் அத்தை ஒருநாளும் விட்டதில்லை. விடிகாலையில் போட்டுவிட்டு, காப்பிகூடக் குடிக்காமல் கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில்தான் அப்பா குளித்து முடித்து, அவள் அறை வாசலில் போய் நிற்பார்.

"அக்கா, இன்னிக்கு இன்னா கிழம?"

"காலண்டர் இல்லயாடா வூட்ல? கண்ணு அவிஞ்சா போச்சு? கவர்மெண்டு சம்பளம் வாங்கற, கிழம தெரியாது!" என்று அத்தை ஆரம்பித்தால், அப்பா முழுதாக நின்று கேட்டுக்கொண்டு, பிறகுதான் சட்டையை மாட்டுவார்.

தினம் தேதி குத்துகிற மனுஷருக்கே கிழமை மறந்துபோகிறதே, ஆஸ்பத்திரியில் அழுத அழுகையில் அப்பாவுக்கு மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குள் ஒரே கவலை. அம்மாவிடம் கேட்கவும் பயம். நானே ஒரு வழி செய்தேன். விடிந்ததும் எழுந்து காலண்டர் தாளைக் கிழித்துவிட்டு, குளித்து வரும் அப்பாவை வழியிலேயே மறித்து, "அப்பா, இன்னிக்கு வியாழக்கெழம" என்று சத்தமாகச் சொல்வேன். அப்பா என் தலையைத் தடவி, "அப்பிடியா, சரி கண்ணு" என்பார். அப்புறம் நேராக அத்தையின் அறை வாசலில் போய் நின்று, "அக்கா, இன்னிக்கு இன்னா கிழம?" என்பார்.

நான் சொன்னால் நம்புவதில்லை என்று எனக்குக் கோபம் கோபமாக வரும்.